சுண்ணாம்புக்கு அடங்காத சிவப்பு

உங்கள் மாமா வரைந்த படங்களில் யாரும் சிரித்ததில்லை. வானம் மட்டும் கல்யாணப் பந்தல் மாதிரி இருக்கும். ஊதா, மஞ்சள், பச்சை, மயில்கழுத்து நீலம் என்று கண்ணைப் பறிக்கும். அந்த வானத்துக்குக் கீழே நிற்கிற மனிதர்கள் எல்லாரும் இழவு வீட்டில் வந்து உட்கார்ந்தவர்கள் மாதிரி இருப்பார்கள்.

மாமா என்றால் உங்கள் அம்மாவின் ஒரே அண்ணன். பிள்ளைகளே, உங்களில் ஒருவரும் அவரைப் பார்த்ததில்லை. அம்மாவிடம் கேட்டால் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் முந்தானையை எடுத்துக்கொள்வாள். அதனால் நான் எழுதி வைக்கிறேன். எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துப் படிப்புதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் அடியும் ரத்தமும் நிறைய வரும். வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அந்த அவசரகாலத்தைப் பற்றி எழுதும்போது அதையெல்லாம் மறைத்தால் எழுதாமலே இருந்துவிடலாம்.

அப்போது நாங்கள் மலாய் நாட்டில், பண்டார் பாருவுக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. மாமா சுங்கைப் பட்டாணி டவுனில் ஒரு சினிமாக் கொட்டகைக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தார். தமிழ்ப் படம், சீனப் படம், மலாய்ப் படம், வெள்ளைக்காரன் படம் எல்லாவற்றுக்கும் அவர்தான் தட்டி எழுதுவார். ஒருநாள் ராக்கெட்டில் ஏறிச் சந்திர மண்டலத்துக்குப் போகிற இங்கிலீஷ் படம் ஒன்று வந்ததாம். மாமா ராக்கெட்டைத் தீ பறக்க அழகாக வரைந்துவிட்டு, அதன் சன்னலில் கதாநாயகன் அழுகிற மாதிரி முகத்தை எழுதி வைத்துவிட்டார். கொட்டகை முதலாளி, சீனத் தவ்கே, ஓடிவந்து பார்த்துவிட்டு, "லூ கீலாகா, பைத்தியமா ஒனக்கு? படம் பாக்க வர்றவன் எல்லாம் சாவு வீடுன்னு நெனச்சுத் திரும்பிப் போயிடுவான்" என்று தலையில் அடித்துக்கொண்டாராம்.

"பூமியையே விட்டுட்டுப் போறவன் அழமாட்டானா தவ்கே?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

அதோடு வேலை போயிற்று. ஒரு துணிமூட்டையும் பிரஷ் கட்டுமாக எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துசேர்ந்தார். தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் சொல்லி நான்தான் ரப்பர் பால்வெட்டுக்குச் சேர்த்துவிட்டேன். எங்கள் வீடு லயத்து வரிசையில் கடைசி வீடு. அதன் பக்கச்சுவர் செம்மண் சாலையைப் பார்த்த சிமெண்டுச் சுவர். வந்து சில நாள் சும்மா இருந்தார். பிறகு அந்தச் சுவரில் கரியால் கோடு போட ஆரம்பித்தார்.

அவர் அந்தச் சுவரில் வரைந்தது ஒரு ரப்பர் தோட்டம்தான். ஆனால் பூமியில் இல்லை. ஆகாயத்தில் வேறு ஏதோ ஒரு கிரகத்தில். அங்கே எடை என்பதே கிடையாதாம். அதனால் பட்டையை வெட்டினால் பால் கீழே வடியாது, மேலே போகும். வெட்டுக்காரர்கள் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து வெட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வொருவர் தலைக்கும் கடையில் மிட்டாய் போட்டு வைப்பார்களே, அந்த ஜாடி மாதிரி ஒரு கண்ணாடி மண்டை. தூரத்தில் மூக்கு நீண்ட ராக்கெட்டுகள் வரிசையாக நிற்கும், அவர்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டுத் திரும்பிப் போகாத ராக்கெட்டுகள். வானத்தில் இரண்டு நிலா. நடுவிலே வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு சிவப்புச் சூரியன்.

துரை பங்களாவில் சமையல் செய்தவர் பழைய இங்கிலீஷ் படப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுப்பார். மாமாவுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து அவரே கதை கட்டிக்கொள்வார். சாயம் வாங்க வழியில்லை. நீலத்துக்கு வெள்ளைத்துணிக்குப் போடுகிற நீலம். மஞ்சளுக்கு அம்மாவின் மஞ்சள்தூள், அதற்கு அவள் போட்ட சத்தம் லயம் முழுக்கக் கேட்கும். ஊதாவுக்கு மங்குஸ்தான் தோல். பச்சைக்கு ஏதோ இலைச்சாறு. சிவப்புக்கு மட்டும் தோட்டத்து மருந்து.

அந்த மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் வெட்டுப் பட்டை அழுகிப்போகும். அழுகாமல் இருக்க ஒரு மருந்து பூசுவோம். பூசினோமா இல்லையா என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக அதில் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். கையில் பட்டால் வாரக்கணக்கில் போகாது. கைலியில் பட்டால் கைலி கிழிகிற வரைக்கும் இருக்கும். அதைத் தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் கொண்டுவந்து வைத்திருப்பார். இரண்டே இடத்தில்தான் அதைப் பூசினார். ஒன்று சூரியன். இன்னொன்று, கண்ணாடி மண்டைக்குள் இருக்கிறவர்களின் கண்ணீர்.

"மச்சான், கண்ணீரு எதுக்கு செவப்பு?" என்று கேட்டேன்.

"அங்கதான் தண்ணி கெடையாதே" என்றார், ஏதோ நான் மரமண்டை என்பது போல.

ஒருநாள் அம்மா சுவருக்குக் கிட்டே போய் ஒரு முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "அண்ணே, இது நம்ம சித்தப்பா மாதிரி இருக்கு" என்றாள். "சித்தப்பாதான்" என்றார். பக்கத்தில் இருந்தவரைக் காட்டி, "இது ஆறாம் நம்பர் லயத்துப் பெரியவரு. அது அவரு மருமகன்" என்றார். எல்லாரும் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போட லோரி ஏற்றிக் கொண்டுபோனவர்கள். மாமாவும் அவர்களோடு போனவர்தான். லோரி நிறையப் போனார்கள். இவரும் இன்னும் ஓரிருவரும் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். சயாமைப் பற்றி அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. போனவர்களை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குள் அவசரகாலம் எங்கள் தோட்டத்துக்கும் வந்துவிட்டது. லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டுக்குப் போகும்போது ஒரு பிடி சோறு எடுத்துப் போகக்கூடாது, அது கம்யூனிஸ்டுக்குப் போய்ச் சேருமாம். வாசலில் மாத்தா, போலீஸ்காரன், நின்றுகொண்டு ஆண்களுடைய மடியையும் பெண்களுடைய கூடையையும் தடவிப் பார்ப்பான். வெளியே போனால் காட்டில் இருக்கிறவனுக்குப் பயம், உள்ளே வந்தால் பட்டாளத்துக்குப் பயம். பண்டார் பாருவில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சுட்ட பிணங்களைக் கொண்டுவந்து கிடத்தி, பசாருக்குப் போகிற வருகிற ஜனங்களை அழைத்து, "இது யார், தெரியுமா?" என்று கேட்பார்கள். ஈ மொய்க்கிற முகத்தைப் பார்த்துவிட்டு மீன் வாங்கிக்கொண்டு வருவோம். அப்படித்தான் இருந்தது பிழைப்பு.

ஒருநாள் காலை, வெட்டு முடிந்து பால் எடுத்துக்கொண்டு ஸ்டோர்க் கொட்டகைக்கு வருகிற நேரம். கங்காணி பால் அளந்துகொண்டிருந்தார். அவர் வயசானவர். என் மாமனார் மாமியாரை, அதாவது உங்கள் அம்மாவின் அப்பா அம்மாவை, கப்பலேற்றிக் கூட்டிவந்து இந்தத் தோட்டத்தில் இறக்கியவர் அவர்தான். வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டுதான் திட்டுவார்.

காக்கி உடுப்பும் தொப்பியுமாகக் காட்டு ஆட்கள் மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தார்கள். துப்பாக்கி எல்லாம் எங்களைப் பார்த்து இருந்தது. அதில் ஒருவன் தமிழன். எங்களை வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குந்தச் சொன்னான். கங்காணியை மட்டும் எழுந்து நிற்கச் சொன்னான்.

"யாரு காட்டுக்கு அரிசி குடுத்தாங்கன்னு போலீசுக்குப் பேரு சொன்னது நீதானே?"

கங்காணி வெற்றிலையைத் துப்பினார். "நான் யாரு பேரையும் சொல்லல தம்பி. இந்த ஜனங்கள மொதல்ல போகச் சொல்லு. பொம்பளைங்க இருக்காங்க."

"பாக்கட்டும். அவங்க பாக்கணும்னுதானே வந்தோம்."

சுட்டான். இரண்டு முறையோ மூன்று முறையோ. கிழவர் பின்னால் இருந்த பால் வாளிகளின் மேல் சாய்ந்து, வாளிகளோடு சரிந்தார். பால் அவர் மேலே கொட்டியது. வெள்ளைப் பாலுக்குள் ரத்தம் நூல் நூலாக ஓடியதை நான் குந்தியிருந்த இடத்திலிருந்து பார்த்தேன். அவர் கால் உதைத்துக்கொண்டே இருந்தது. ஒருத்தி அலறினாள். துப்பாக்கிக் கட்டையால் அவள் வாயிலேயே இடித்தான், பல் தெறித்தது. எங்கள் அடையாளக் கார்டுகளை வாங்கிக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். சுற்றியிருந்த மரங்களைப் பாராங் கத்தியால் பட்டை உரிய வெட்டித் தள்ளினார்கள். போகும்போது ஒருவன் கொட்டகையில் இருந்த மருந்து டின்னைத் திறந்து, துணியை முக்கி, சுவரில் பெரிதாக ஒரு சிவப்பு நட்சத்திரம் போட்டான். அது வழிந்துகொண்டே இருந்தது.

மாத்தா வந்து பார்த்து எழுதிக்கொண்டு பிணத்தைக் கொடுக்க மத்தியானம் ஆயிற்று. அதற்குள் பால் உறைந்துவிட்டது. கங்காணியின் தலைமயிர், மீசை, காது எல்லாம் ரப்பராக ஒட்டிக்கொண்டது. குளிப்பாட்ட உட்கார்ந்தவர்களால் தண்ணீர் ஊற்றி ஒன்றும் செய்ய முடியவில்லை. மாமாதான் பக்கத்தில் உட்கார்ந்து, மரத்தில் ஒட்டுப்பால் உரிக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். மயிரும் சேர்ந்து வந்தது. முகம் வெளியே வந்ததும், அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் சாயங்காலம் சுவரில் ஒரு புது ஆள். கண்ணாடி மண்டைக்குள்ளே கங்காணி. கையில் கவிழ்த்துப் பிடித்த மங்கு. கன்னத்தில் சிவப்புக் கண்ணீர்.

கங்காணியின் சம்சாரத்தை நாங்கள் எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிடுவோம். அவர் வந்து சுவருக்கு முன்னால் நின்றார். நாங்கள் பயந்துகொண்டு ஓரமாக நின்றோம். பெரியம்மா கேட்டார்:

"அங்க அவருக்கு வெத்தல கெடைக்குமா தம்பி?"

"கெடைக்கும் பெரியம்மா. ஆனா கண்ணாடி மண்டயக் கழட்டாம துப்ப முடியாது."

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேணும் அவருக்கு. எத்தன தடவ சொன்னேன், கண்ட எடத்துல துப்பாதீங்கன்னு" என்று சொல்லிச் சிரித்தவர், அப்படியே மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மாதான் தூக்கிப் பிடித்தாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் கிராணி என்னைத் தனியே கூப்பிட்டார். எப்போதும் எரிந்து விழுகிற ஆள். அன்றைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"நாளைக்குப் பட்டாளம் வருது. லயம் லயமா பாக்கப்போறாங்க. ஸ்டோர் சொவத்துல நட்சத்திரம் போட்ட மருந்து யாரு கையில இருக்குன்னு தேடறாங்க. ஒம் மச்சான் என்னடான்னா சொவத்துல ஊருக்கே தெரியற மாதிரி அப்பி வெச்சிருக்கான். அதுல செத்த ஆளையும் எழுதி வெச்சிருக்கான். நான் சொல்லிட்டேன். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

அந்தக் காலத்தில் பிடித்துக்கொண்டு போனால் விசாரணை, வழக்கு என்றெல்லாம் கிடையாது. உள்ளே வைப்பார்கள். இல்லாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். போனவன் போனவன்தான். பக்கத்துத் தோட்டத்தில் அப்படி ஒரு குடும்பமே போயிருந்தது. அதனால் நான் ஓட்டமாக வீட்டுக்கு வந்து சொன்னேன்.

அம்மா அண்ணனிடம் போனாள். "அண்ணே, அதை அழிச்சுடு."

"மாட்டேன்."

"ஒனக்குப் புத்தி பேதலிச்சிருக்கா? படத்துக்காகச் சாவப்போறியா?"

"நான் எதுக்குச் சாவணும்? நட்சத்திரமா போட்டிருக்கேன்? சூரியன்லா அது. வந்தா சொல்லிக்கிறேன்."

"வெள்ளக்காரனுக்கு நீ சொல்லிப் புரிய வெச்சுடுவியோ? தவ்கேக்கே ஒன்னால புரிய வைக்க முடியல!"

மாமா சுவரில் இருந்த முகங்களைப் பார்த்தார். "அவங்க எங்க போவாங்க?" என்று மட்டும் கேட்டார். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கோயில் திருவிழா கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது. திருவிழாவுக்கு முன்னால் லயங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். கோயிலுக்குப் பின்னால் தொட்டியில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. ஒரு சுவருக்கு மட்டும் அடித்தால் சந்தேகப்படுவார்கள், லயம் முழுக்க அடித்துவிடுவோம், கேட்டால் திருவிழாவுக்கு என்று சொல்லிவிடலாம் என்று முடிவுசெய்தோம். வேலை முடிந்து வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தென்னமட்டையை நசுக்கி எடுத்துக்கொண்டு வந்தார்கள். கடைசிச் சுவருக்கு வந்தபோது யாருக்கும் கை எழவில்லை.

பெரியம்மா என் கையிலிருந்த மட்டையை வாங்கினார். "நானே அடிக்கிறேன். எம் புருசன் மொகத்துல வேற யாரும் பூச வேணாம்" என்றார். முதலில் கங்காணியின் முகத்தை மூடினார். பிறகு நாங்கள் மற்றவர்களை மூடினோம். மாமா வீட்டுக்குள்ளே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்வதற்குள் ஊதா வானமும் இரண்டு நிலாவும் ராக்கெட்டும் போய், லயம் முழுக்க வெள்ளை வெளேர் என்று நின்றது. நன்றாகத்தான் இருந்தது பார்க்க. அம்மாவுக்கு மூச்சு வந்தது.

கைலியில் பட்டால் கைலி கிழிகிற வரைக்கும் போகாது என்று மேலே எழுதினேன் அல்லவா? எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாத அந்தக் கறையை உடம்பில் சுமந்துகொண்டு திரிந்தவர்கள்தான் நாங்கள் அத்தனை பேரும். அதில் ஒருவருக்குக்கூட அது சுண்ணாம்புக்கு மட்டும் அடங்குமா என்று தோன்றவில்லை. சுண்ணாம்பு எதையும் மூடிவிடும் என்றுதான் நம்பினோம். வருசா வருசம் புகைக்கரியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அதுதானே மூடியது.

மறுநாள் விடிந்ததும் லோரிகள் வந்தன. எல்லாரையும் லயத்து முன்னால் சாலையில் குந்தவைத்தார்கள். வீடு வீடாகப் பானை சட்டி எல்லாவற்றையும் வெளியே எறிந்தார்கள். அரிசிப் பானையை உடைத்து மண்ணில் கொட்டினார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், ஒல்லியானவர், கையில் பிரம்போடு நடந்துகொண்டிருந்தார். கிராணி மொழிபெயர்க்க அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார். எங்களிடம் ஒன்றும் கிடைக்கவில்லை. மாமா என் பக்கத்தில் குந்தியிருந்தார். சிரட்டையை முந்தின நாளே குழி தோண்டிப் புதைத்தாயிற்று. அநேகமாகத் தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

வெயில் ஏறி அந்தப் பக்கச்சுவரில் விழுந்தது. ஈரச் சுண்ணாம்பு காயத் தொடங்கியது. காயக் காய, வெற்றிலைக் காவி மாதிரி ஒரு கறை நடுவிலே தெரிந்தது. அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது எனக்கு வலிக்கக்கூட இல்லை. அந்தக் கறை எங்கள் கண் எதிரிலேயே சிவந்து, விரிந்து, ஓரம் பிடித்து, வட்டமாயிற்று. மற்ற எந்தச் சாயமும் வரவில்லை. வானம் இல்லை, ராக்கெட் இல்லை, மனிதர்கள் இல்லை. வெள்ளைச் சுவரின் நடுவே சிவப்பாக ஒரு வட்டம். அதற்குக் கீழே சிதறினாற்போல் சிவப்புச் சொட்டுகள். முகங்கள் எல்லாம் மூடிப்போய்க் கண்ணீர் மட்டும் வெளியே வந்துவிட்டது.

நட்சத்திரம் என்று நினைப்பார்களோ என்று பயந்துதான் மூடினோம். இப்போது அங்கே நின்றது ஜப்பான்காரன் கொடி.

அதிகாரி அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் இறங்கிவிட்டது. பிறகு இங்கிலீஷில் கத்தினார். கிராணி எங்கள் பக்கம் திரும்பி, "யாரு இதைப் போட்டதுன்னு கேக்கறாரு. சொல்லலன்னா அத்தன பேரையும் லோரியில ஏத்துவேங்கறாரு" என்றார்.

மாமா எழுந்தார். அம்மா அவர் கைலியைப் பிடித்து இழுத்தாள். விரலைப் பிரித்துவிட்டு முன்னால் போனார்.

"நாந்தான் துரை. அது கொடி இல்ல. சூரியன். வேற ஒலகத்துச் சூரியன்."

கிராணி என்ன சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. அதிகாரியின் பிரம்பு மாமாவின் முகத்தில் விழுந்தது. கன்னம் பிளந்தது. விழுந்தவரை பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தார். ஒரு மாத்தா தலைமயிரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். "எந்தக் கையால வரைஞ்சன்னு கேக்கறாரு" என்றார் கிராணி. அவர் குரல் அழுகிற குரலாக இருந்தது. மாமா வலது கையை நீட்டினார். எதற்கு நீட்டினார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் கிடந்த பால் வாளியின் இரும்பு மூடிமேல் அந்தக் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான் மாத்தா. பிரம்பைத் திருப்பி, பூண் போட்ட கனத்த பக்கத்தால் அடித்தார் அதிகாரி. எலும்பு உடைகிற சத்தம் காய்ந்த ரப்பர்க்காய் வெடிக்கிற மாதிரி கேட்டது.

அப்போதுதான் மாமாவின் உடம்பு அவரை மீறி ஒன்று செய்தது. கையை உருவிக்கொண்டு விறைப்பாக நின்றார். இடுப்பை வளைத்துக் குனிந்து வணங்கினார். உரத்த குரலில், "இச்சி, நி, சான், ஷி..." என்று எண்ண ஆரம்பித்தார். வாயிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டே எண்ணினார். சயாமில் அடி விழுந்தால் ஜப்பான்காரனுக்கு முன்னால் அப்படி நின்று எண்ண வேண்டும். எண்ணாவிட்டால் மறுபடி முதலிலிருந்து அடிப்பான். கண் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் யாரையும் அவர் அப்போது பார்க்கவில்லை.

அதிகாரியின் ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. உதடு மட்டும் அசைந்தது. அவரும் கூடவே எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ. பிரம்பைக் கீழே போட்டார். சுவரைப் பார்க்காமல், மாமாவையும் பார்க்காமல், ஜீப்புக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். மாமா எண்ணி முடிக்கவில்லை. நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாமல் எண்ணிக்கொண்டே இருந்தார். அம்மா ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினாள். "போதும்ணே, போதும்ணே, அவன் போயிட்டான்ணே."

ஆனாலும் லோரியில் ஏற்றிவிட்டார்கள்.

பிறகு கிராணி சொன்னார், அந்த அதிகாரியும் சயாமில் ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்தவராம். அதே ரயில். எனக்கு நம்பிக்கை வந்தது. "அப்ப விட்டுடுவாரில்ல கிராணி?" என்றேன்.

"எங்க விடறது? ஒம் மச்சான் மூஞ்சியப் பாக்கவே முடியலயாம் அந்தாளால. கேஸ வேற ஒருத்தர் கையில தள்ளிட்டுப் போயிட்டாரு."

மாமாவைக் கூலிம் ஊருக்கு மாற்றினார்கள். நானும் அம்மாவும் போய்ப் போய் நின்றோம். கொடியைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை. நட்சத்திரம் போட்ட மருந்தும் சுவரில் இருந்த மருந்தும் ஒன்று, அது போதும் என்றார்கள். தோட்டத்தில் எல்லார் கையிலும் அந்த மருந்துதான் இருக்கிறது என்று என் கையை நீட்டிக் காட்டினேன். கையைக் கீழே போடச் சொன்னார்கள். முடிவில், ஆள் இந்தியாக்காரன், இந்தியாவுக்கு அனுப்புகிறோம் என்றார்கள்.

மாமா பிறந்தது எங்கள் தோட்டத்து லயத்தில். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் இங்கே பிறந்தவர் என்று சொல்ல அப்பா இல்லை, அம்மா இல்லை. எங்கள் நினைவுக்கு வந்த ஒரே சாட்சி கங்காணி. அவரையும் சுட்டுவிட்டார்கள். அப்போது பெரியம்மா, "நான் வரேன்" என்று புறப்பட்டார். தாலி அறுத்து மாதம்கூட ஆகவில்லை, வெளியே தலைகாட்டக் கூடாது என்று லயத்தில் பேசினார்கள். "தலையக் காட்டாம நான் எப்படி வாயக் காட்டறது?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினார்.

கூலிம் ஆபீசில் மேசைக்கு முன்னால் நின்று சொன்னார்: "இவன் பொறந்தப்ப தொப்புள்கொடி அறுத்தவ நானு. இந்தக் கையாலதான் அறுத்தேன். இவன் ஆத்தா வலி தாங்காம என் தோள்ல கடிச்ச தழும்பு இருக்கு, பாக்கறீங்களா?" ரவிக்கையை ஒதுக்கித் தோளைக் காட்டப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எந்த வருசம் என்று கேட்டார்கள். காட்டை எரித்துப் புதுசாக மரம் நட்ட வருசம் என்றார். அவர்களுக்கு அது வருசமாகப் படவில்லை.

பினாங்கில் கப்பல் ஏற்றுகிற அன்றைக்கு எங்களுக்குச் சொல்லியனுப்பியது கிராணிதான். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். அம்மா வேலியோடு ஒட்டிக்கொண்டு ஓடி ஓடித் தேடினாள். மாமா கடைசிப் பக்கத்தில் இருந்தார். கன்னத்தில் தையல் போட்ட தழும்பு. வலது கை விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூடவும் முடியாமல் விரிக்கவும் முடியாமல் இருந்தன. எடையில் பாதி ஆள்.

"அண்ணே! அங்க யாரையும் ஒனக்குத் தெரியாதே, எங்க போவே?"

"எறங்கிப் பாப்போம்" என்றார். "மனுசங்கதான இருப்பாங்க. தமிழு பேசுவாங்களாம்."

"கை வலிக்குதா?"

"பழகிருச்சு."

வரிசை நகர்ந்தது. மாத்தா எங்களை வேலியிலிருந்து தள்ளினான். அம்மா கம்பியை விடவில்லை, உள்ளங்கை கிழிந்தது. மாமாவுக்கு முன்னால் ஒரு பொம்பளை போய்க்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்பின் தெரியாதவள், இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒன்று. அம்மா அவளைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்:

"அக்கா! அக்கா, ஒங்களத்தான்! எங்க அண்ணனுக்குச் சோத்துக் கை வராதுக்கா. சோறு பெசஞ்சு சாப்புட முடியாது. கப்பல்ல கொஞ்சம் பெசஞ்சு குடுங்கக்கா!"

"ஏய், நான் என்ன கொழந்தையா? மானத்த வாங்காதே!" என்று மாமா வெட்கத்தோடு அதட்டினார்.

அந்தப் பொம்பளை நின்றாள். திரும்பி மாமாவின் கையைப் பார்த்தாள். பிடித்திருந்த குழந்தையின் கையை விட்டுவிட்டு, அவர் தோளில் தொங்கிய மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"சரிம்மா" என்றாள். "எம் புள்ளைங்களோட சேத்து உருட்டிக் குடுத்துடறேன். நீ போ."